எழுத்தாளரோடு உரையாடல்: எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டக் கூட்டங்களை ஏற்பாடு செய்கிறவர்களில் நானும் ஒருவன். மாதம் ஒரு புத்தகம் படிப்போம். அதை எழுதியவர் வர முடிந்தால் அவரோடு ஒன்றரை மணி நேரம் பேசுவோம். இதைக் கேள்விப்பட்டுக் கல்லூரித் தமிழ்த்துறைக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள், யூடியூபில் புத்தக சேனல் தொடங்கும் இளைஞர்கள் என்று பலரும் போன் செய்கிறார்கள். ஊர் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை வைத்துப் பதில்களை எழுதிவிட்டேன்.

"வெளியீட்டு விழா, நேர்காணல், உரையாடல் எல்லாம் ஒண்ணுதானே?"

மூன்றிலும் எழுத்தாளர் இருப்பார். ஒற்றுமை அதோடு சரி. வெளியீட்டு விழாவில் ஐந்து பேர் வாழ்த்திப் பேசுவார்கள். அதில் இரண்டு பேர் அணிந்துரையை மட்டும் படித்திருப்பார்கள். எழுத்தாளருக்கு ஏற்புரை என்று கடைசிப் பத்து நிமிடம் கிடைக்கும். அதற்குள் பாதிக் கூட்டம் டீ எங்கே என்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருக்கும்.

நேர்காணலில் ஒருவரோ இருவரோ கேட்பார்கள், எழுத்தாளர் சொல்வார், பிறகு அது அச்சுக்குப் போகும். கோமல் சுவாமிநாதன் 1991 முதல் 1995 வரை நடத்திய சுபமங்களா இதழின் நேர்காணல்களை இன்றும் தேடிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் இங்கே சொல்லும் உரையாடல் இவை இரண்டும் அல்ல. ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள், அதை எழுதியவரோடு உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசுவது.

"வர்றவங்க எல்லாரும் புத்தகத்தை முழுசாப் படிச்சிருக்கணுமா?"

நெறிப்படுத்துகிறவர் படித்தே ஆக வேண்டும், முடிந்தால் இரண்டு முறை. முதல் முறை வாசகனாக, இரண்டாம் முறை பென்சிலோடு. வருகிறவர்களில் பாதிப் பேராவது முடித்திருந்தால் கூட்டம் தப்பித்துவிடும். 700 பக்க நாவல் என்றால் இரண்டு மாதம் முன்பே அறிவியுங்கள். நூலகத்தில் ஒரு பிரதிதான் இருக்கிறது என்றால் யாரிடம் எப்போது இருக்கும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

"முடிவைச் சொல்லிவிடாதீர்கள், நான் இன்னும் படிக்கவில்லை" என்று ஒருவர் கைதூக்குவார். அவருக்காக முடிவைப் பேசாமல் விடக் கூடாது. பிபிசி ரேடியோ 4 வானொலியில் 1998 முதல் 'புக்கிளப்' என்றொரு நிகழ்ச்சி உண்டு. ஜேம்ஸ் நாட்டி தொகுத்து வழங்கிய அதில், புத்தகத்தைப் படித்துவிட்டு வந்த வாசகர்களே எழுத்தாளரைக் கேட்பார்கள். முடிவை ஒளித்து வைத்தால் அப்படியொரு பேச்சு நடக்கவே முடியாது.

"முதல் கேள்வியா 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்'னு ஆரம்பிச்சா போதாதா?"

போதும், எழுத்தாளர் ஏற்கெனவே பல மேடைகளில் சொன்னதையே கேட்க உங்களுக்கு ஆசை என்றால். பிறந்த ஊர், அப்பாவின் வேலை, முதல் கதை வந்த பத்திரிகை எல்லாம் அவருக்கு மனப்பாடம். பேசுகிறவருக்கே அலுத்துப்போன பதில் அது. "எழுதும் உந்துதல் எங்கிருந்து வருகிறது?", "இந்தக் கதைக்கரு எப்படித் தோன்றியது?" இரண்டும் அதே வகை.

ஒரு பக்கத்தைத் திறந்து கேளுங்கள். இந்தக் கேள்வி-பதில் முழுவதிலும் நான் சொல்ல நினைப்பது இதுதான். எங்கள் கூட்டத்துக்கு வரும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அதிகம் பேச மாட்டார். ஒரு முறை சிறுகதைத் தொகுப்பு ஒன்றில் பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்துக் கொண்டுவந்திருந்தார். கதையில் ஒரு சாவு வீடு. எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது மூத்த மருமகள் எழுந்து போய்த் தண்ணீர்க் குடத்தைத் தட்டுப் போட்டு மூடிவிட்டு வந்து மறுபடி உட்காருவாள். "சார், அந்தக் குடத்தை ஏன் மூடினா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேள்வி.

எழுத்தாளர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தை வாங்கி அந்த வரியைப் படித்துப் பார்த்தார். பிறகு, தெருக்குழாயில் நான்கு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வந்த காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சாவு வீட்டில் இருக்கிற தண்ணீரையெல்லாம் கொட்டிவிடச் சொல்லும் வழக்கத்தையும், அதைக் கொட்ட மனம் வராத பெண்களையும் சொன்னார். அந்த மருமகளுக்குத் துக்கம் இல்லாமல் இல்லை, நாளைக்குச் சமைக்கப் போகிறவள் அவள்தான் என்றார். அந்த மாலை முழுவதும் அந்தக் குடத்தைச் சுற்றியே போனது.

"கேள்விகளை முன்கூட்டியே அனுப்பிடணுமா?"

பெரும்பாலும் வேண்டாம். எந்தப் புத்தகம், எந்தெந்த அத்தியாயங்களைத் தொடப்போகிறோம், எவ்வளவு நேரம் என்று மட்டும் சொல்லுங்கள். கேள்விகளையே அனுப்பினால் எழுதிவைத்த பதில் வரும்.

ஆனால் சிலருக்கு அதுதான் வழி. விளாதிமிர் நபக்கோவ் பேட்டிகளுக்குக் கேள்விகளை எழுத்தில் வாங்கி, எழுத்திலேயே பதில் தருவார். 1975இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் பெர்னார் பிவோவின் 'அபோஸ்த்ரோஃப்' நிகழ்ச்சிக்கு வந்தபோதும் பதில்களைத் தயாரித்துக்கொண்டு வந்து, மேசையில் அடுக்கிய புத்தகங்களுக்குப் பின்னால் குறிப்புகளை வைத்துக்கொண்டு படித்தார். பக்கத்திலிருந்த தேநீர்க் கூஜாவில் விஸ்கி இருந்தது தனிக்கதை. எலெனா ஃபெரான்டே முகமே காட்டாதவர். அவருடைய நேர்காணல்கள் பெரும்பாலும் எழுத்தில் நடப்பவை. எனவே கூச்ச சுபாவம் உள்ளவர், காது மந்தமானவர், மேடையில் திக்குகிறவர் என்றால் தயங்காமல் அனுப்பிவிடுங்கள். வற்புறுத்திப் பேசவைப்பதில் ஒரு பெருமையும் இல்லை.

"சார்னு கூப்பிடறதா, தோழர்னா, ஐயான்னா?"

போனில் பேசும்போது அவர் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார் என்று கவனியுங்கள், தெரிந்துவிடும். 'எழுத்துலக வேந்தர்' மட்டும் வேண்டாம். பெண் எழுத்தாளர்களை வயது பார்க்காமல் 'அம்மா' ஆக்கிவிடுவதும் வேண்டாம்.

"'இது உங்க சொந்தக் கதையா?'ன்னு கேக்கலாமா?"

எல்லாருக்கும் நாக்கு நுனியில் நிற்கும் கேள்வி இதுதான். ஆண் ஒருவர் கொலையைப் பற்றி நாவல் எழுதினால் "எவ்வளவு ஆராய்ச்சி செய்தீர்கள்?" என்பார்கள். பெண் ஒருவர் கல்யாணமான பெண்ணின் ஆசையைப் பற்றி ஒரு கதை எழுதிவிட்டால் போதும், "உங்கள் வீட்டுக்காரர் படித்தாரா?" என்று கேட்பார்கள். எங்கள் கூட்டத்திலேயே இது நடந்தது. "படித்தார். நீங்கள் படித்தீர்களா?" என்றார் அவர். கேட்டவர் படித்திருக்கவில்லை.

சொந்தக் கதைதான் என்று தெரிந்துகொண்டு வாசகர் என்ன செய்யப் போகிறார்? ஆம் என்றால் கதை உயர்ந்துவிடாது, இல்லை என்றால் பொய்யாகிவிடாது. உண்மையில் நமக்கு வேண்டியது வேறு: வாழ்க்கையில் நடந்திருக்கக்கூடிய ஒன்று கதையாகும்போது எது மாறியது, ஏன் மாறியது. அதை நேராகவே கேட்கலாம். "இதை 'நான்' என்று சொல்லாமல் 'அவள்' என்று ஏன் சொன்னீர்கள்?" "பன்னிரண்டு வயதுப் பையனின் கண் வழியாக ஏன் காட்டினீர்கள்?" இப்படிக் கேட்டால் தன் வாழ்க்கையை எந்த அளவுக்குத் திறந்து காட்டுவது என்பதை எழுத்தாளரே முடிவு செய்துகொள்வார். பலர் நாம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே சொல்லிவிடுவார்கள்.

தன் வரலாறு என்று அவரே சொல்லி எழுதிய புத்தகம் என்றால் தாராளமாகக் கேட்கலாம். அப்போதும் அதில் வரும் மாமா, பக்கத்து வீட்டுக்காரி, பழைய வாத்தியார் எல்லாம் எங்கோ உயிரோடு இருக்கிறவர்கள் என்பதை மறக்காதீர்கள். அவர்கள் யார் என்று தோண்டுவது நம் வேலை இல்லை.

"ஒரு பதில் வந்ததும் அடுத்த கேள்விக்குப் போயிடணுமா? லிஸ்ட் பெரிசா இருக்கே."

லிஸ்டை மடித்துச் சட்டைப்பையில் வையுங்கள். நல்ல பதில்கள் பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்குத்தான் வரும், அந்த இரண்டாவது கேள்வி உங்கள் பட்டியலில் இருக்காது. 1958இல் பாரிஸ் ரிவ்யூ என்ற ஆங்கில இலக்கிய இதழுக்காக ஜார்ஜ் பிளிம்ப்டன் நாவலாசிரியர் ஹெமிங்வேயைப் பேட்டி கண்டார். 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை திருத்தி எழுதியதாக ஹெமிங்வே சொன்னார். "அப்படியா!" என்று வியந்துவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். பிளிம்ப்டன் போகவில்லை. அதில் என்ன சிக்கல், எது உங்களைத் தடுத்து நிறுத்தியது என்று கேட்டார். சொற்களைச் சரியாக அமைப்பதுதான் என்று பதில் வந்தது. இன்றும் எல்லாரும் எடுத்துச் சொல்வது அந்தப் பதிலைத்தான்.

இன்னொன்று, பதில் முடிந்ததும் உடனே பாயாதீர்கள். நாலைந்து நொடி சும்மா இருங்கள். எழுத்தாளர் "இல்ல, அது அப்படி மட்டும் இல்ல…" என்று தானே தொடர்வார். அந்த இடைவெளியில் நமக்குத்தான் கை பரபரக்கும்.

"அவர் ஒரே வரியில பதில் சொல்லிட்டு உக்காந்துட்டா?"

மேலே சொன்ன குடம் வகைக் கேள்வி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். தன் வரிகளைச் சத்தமாகப் படித்த பிறகு பேசாமல் இருப்பவர்கள் குறைவு.

"கூட்டத்துல ஒருத்தர் மைக்கை வாங்கிட்டு, கேள்வியே கேக்காம பத்து நிமிஷம் பேசறார். என்ன செய்யறது?"

அவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். சங்க இலக்கியத்தில் ஆரம்பித்து, தான் எழுதி இன்னும் வெளிவராத நாவல் வரைக்கும் வருவார். ஒரே வழிதான்: மைக்கை யார் கையிலும் கொடுக்காதீர்கள். உங்கள் ஆள் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, கேட்கிறவர் அதில் பேசட்டும். ஒரு நிமிடம் தாண்டினால் மைக் மெதுவாக நகர்ந்துவிடும். "ஐயா, எந்தப் பக்கம்னு சொல்லுங்க, எல்லாரும் எடுத்துக்கிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். புத்தகத்தைத் திறக்காதவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார்.

"பணம் ஏதாவது கொடுக்கணுமா? பொன்னாடை போர்த்தினா போதாதா?"

போதாது. போகவர ரயில் டிக்கெட், இரவு தங்க வேண்டியிருந்தால் அறை, முடிந்த அளவு சன்மானம். சன்மானம் முடியாது என்றால் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். கூட்டம் முடிந்து காரில் ஏற்றிவிடும்போது சொல்லாதீர்கள். பொன்னாடைக்கு ஆகும் காசில் அவருடைய புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கி நூலகத்தில் வைத்தால் அவருக்கும் சந்தோஷம், நூலகத்துக்கும் பயன்.

"புத்தகம் எனக்குப் பிடிக்கலை. அவர் முன்னாடியே சொல்லலாமா?"

சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் "விறுவிறுப்பு இல்லை", "மனதில் ஒட்டவில்லை" என்று சொன்னால் எழுத்தாளர் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? "சரிங்க" என்பார். "முதல் பாதியில் அவ்வளவு பேசிய தங்கை, 180ஆம் பக்கத்துக்கு அப்புறம் வரவே இல்லையே, மறந்துவிட்டீர்களா, வேண்டுமென்றே விட்டீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். இதுவும் குறைதான், ஆனால் பேசக்கூடிய குறை. குறையைக் கேட்டுக் கோபித்துக்கொண்டவர்களைவிட, இவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறாரே என்று மகிழ்ந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

விருந்தாளியை அழைத்துவைத்துக் குறை சொல்வது மரியாதையா என்று சிலர் கேட்பார்கள். புத்தகத்தைப் படிக்காமல் புகழ்வதைவிட இது மரியாதைதான்.

"எழுத்தாளரே சொல்லிட்டார், அப்ப அந்தக் கதைக்கு அதுதானே இறுதி விளக்கம்?"

இல்லை. ஹெமிங்வே 39 என்றார் அல்லவா? பாஸ்டனில் உள்ள கென்னடி நூலகத்தில் இருக்கும் அவருடைய கையெழுத்துப் படிகளைப் பார்த்து, அந்த நாவலுக்கு 2012இல் வந்த பதிப்பில் 47 முடிவுகளை அச்சிட்டார்கள். எழுதியவருக்கே தன் வேலையின் கணக்கு நினைவில் சரியாக இல்லை. வருடங்கள் கழித்து ஒரு கதையைப் பற்றிப் பேசும் எழுத்தாளர், அதை எழுதிய ஆளே இல்லை. அப்போது எதை நினைத்து எழுதினார் என்பதை இப்போது யூகித்துத்தான் சொல்கிறார்.

பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1967இல், ஒரு படைப்புக்குப் பொருள் தருவது வாசகர்தான், எழுதியவர் அல்ல என்று சொல்லி ஆசிரியனின் மரணத்தை அறிவித்தார். நம் சிற்றிதழ்களிலும் அதைப் பற்றி நிறைய எழுதித் தீர்த்தார்கள். இறந்துபோன ஆசிரியர்களுக்கு லாட்ஜில் அறை போட்டுக்கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. எழுத்தாளர் சொல்வதற்கு மதிப்பு உண்டு, புத்தகத்தை மிக அதிக முறை படித்தவர் அவர்தான். ஆனால் அவர் விளக்கத்துக்கும் பக்கத்தில் இருக்கும் வரிக்கும் ஒத்துவரவில்லை என்றால் நான் வரியின் பக்கம்தான். அந்தத் தபால்காரரும் அன்று முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "எனக்கென்னமோ அவளுக்குக் கை சும்மா இருக்க முடியல, அதான் மூடினான்னு தோணுது சார்" என்றார். எழுத்தாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுவும் சரியாத்தான் இருக்கு" என்றார்.

"ரெக்கார்ட் பண்ணினதை எழுத்தாக்கும்போது எவ்வளவு திருத்தலாம்?"

பேச்சை அப்படியே இறக்கினால் படிக்க முடியாது. "வந்து", "என்னன்னா", பாதியில் நின்ற வாக்கியம், இரண்டு முறை சொன்ன விஷயம் எல்லாம் போகலாம். வெவ்வேறு இடத்தில் ஒரே விஷயத்தைப் பற்றிச் சொன்னதைச் சேர்த்து வைக்கலாம். சொல்லாததைச் சேர்க்கக் கூடாது, கேள்வியைப் பின்னால் புத்திசாலித்தனமாக மாற்றி எழுதக் கூடாது. இந்தக் கடைசித் தவறு சகஜமாக நடக்கிறது: அச்சில் கேட்டவர் மேதையாகத் தெரிவார், பதில் சம்பந்தமில்லாமல் இருக்கும். பேச்சு வழக்கைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிடவும் வேண்டாம். நாகர்கோவில்காரர் 'வெள்ளமெல்லாம் குடிச்சாச்சா' என்று கேட்டால் அதை 'தண்ணீர் அருந்தினீர்களா' ஆக்கினால் பேசியவர் வேறு ஆளாகிவிடுவார்.

ரெக்கார்டரே வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. 1981இல் பாரிஸ் ரிவ்யூவுக்குப் பேசிய கார்சியா மார்க்கேஸ், பதிவாகிறது என்று தெரிந்ததும் தன்னைக் காத்துக்கொள்ளும் மனநிலை வந்துவிடுகிறது என்றார். குறிப்புகூட எடுக்காமல் நீண்ட நேரம் பேசிவிட்டு, பிறகு நினைவிலிருந்து எழுதுவதே நல்லது என்பது அவர் கருத்து. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. எக்கர்மான் என்பவர் 1823இல் வைமாரில் ஜெர்மன் கவிஞர் கதேயைச் சந்தித்து, கதே 1832இல் இறக்கும்வரை பழகி, 1836இல் அந்த உரையாடல்களை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். மூன்றாம் பாகம் 1848இல், அதில் ஒரு பகுதி சொரே என்ற இன்னொருவரின் குறிப்புகளை வைத்து எழுதியது. அதில் பேசுவது எவ்வளவு கதே, எவ்வளவு எக்கர்மான் என்ற வாக்குவாதம் பின்னால் வந்தது. நமக்கு எக்கர்மானின் நினைவாற்றல் கிடையாது. போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் எழுத்தாளரிடம் அனுமதி கேட்டுவிட்டு.

"பேசும்போது சொல்லிட்டு, அப்புறம் 'அதைப் போடாதீங்க'ங்கறார்."

போடாதீர்கள். பாரிஸ் ரிவ்யூ 1953இல் ஈ. எம். ஃபார்ஸ்டர் பேட்டியோடு தொடங்கிய வரிசையில், எழுத்துப்படியை எழுத்தாளருக்கே அனுப்பித் திருத்தவிடுவது வழக்கமாக இருந்தது. பத்திரிகைக்காரர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அமைச்சரிடம் எடுக்கும் பேட்டிக்கு அது சரி. இங்கே நாம் யாரையும் குறுக்கு விசாரணை செய்யவில்லை. ஆனால் கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால் இன்னொரு எழுத்தாளரைத் திட்டிவிட்டு மறுநாள் "நான் சொல்லவே இல்லை" என்றால் அது வேறு. அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள், சொல்லவில்லை என்று மட்டும் நீங்கள் எழுதித் தராதீர்கள்.

"சாதி, சாமி பத்தி எழுதினவரைக் கூப்பிடறோம். பிரச்சினை வந்தா?"

பயம் நியாயமானது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. எதிர்ப்பு கிளம்பியது 2014 கடைசியில். 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, அவர் மீண்டெழுந்து எழுதட்டும் என்றது. அந்த எதிர்ப்பின்போது நாவலின் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரில் விநியோகித்தார்கள்.

பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள் என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, அதற்கான எல்லை இதுதான். பக்கத்துக்கு முன்னும் பின்னும் புத்தகம் இருக்கிறது. இப்படிப்பட்ட கூட்டத்தில் யாராவது ஒரு பக்கத்தின் நகலோடு எழுந்தால், நெறிப்படுத்துகிறவர் முழு அத்தியாயத்தையும் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அந்தப் பாத்திரம் யார், எந்தச் சூழலில் அதைப் பேசுகிறது என்று நீங்கள் முதலில் சொல்லிவிட்டு, பிறகு எழுத்தாளரிடம் விடுங்கள். அவரைத் தனியாகப் பதில் சொல்ல விட்டுவிட்டு நீங்கள் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருக்கக் கூடாது. நூலகரிடமும் முன்பே பேசிவிடுங்கள்; சங்கடம் வந்தால் முதலில் விளக்கம் கேட்கப்படுவது அவரிடம்தான்.

"கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தா நல்லது? எங்களுக்கு இருபது பேர்தான் தேறுவாங்க."

இருபது பேர் தாராளம். அதில் எட்டுப் பேர் படித்திருந்தால் ஒன்றரை மணி நேரம் போவதே தெரியாது. கூட்டம் காட்ட வேண்டும் என்று கல்லூரி மாணவர்களை பஸ்ஸில் ஏற்றி வராதீர்கள், பாவம். மேடை வேண்டாம், நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். கேள்வி கேட்கிறவர் எழுந்து நிற்க வேண்டியதில்லை. புத்தகத்தின் நாலைந்து பிரதிகளை நடுவில் வையுங்கள், பக்கம் சொன்னதும் எடுத்துப் பார்க்க வசதி. மின்விசிறி சத்தம் போடுகிறதா என்று காலையிலேயே போய்ப் பார்த்துவிடுங்கள். போனில் பதிவு செய்தால் எழுத்தாளரைவிட அதுதான் தெளிவாகக் கேட்கும்.